காற்றை ஆளும் கலை

பந்தய மோட்டார் என்றதும் அநேகருக்கு அதன் யந்திரமே நினைவுக்கு வருகிறது. எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத் திறன், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். காற்றைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆனால் சென்ற அறுபது வருஷங்களாக உலகத்தின் பெரிய பந்தயங்களில் ஜயாபஜயத்தை நிர்ணயிப்பதில் யந்திரத்திற்கு எவ்வளவு பங்கு உண்டோ, காற்றை அறிந்து வண்டியின் உடலை வகுக்கும் சாஸ்திரத்திற்கும் அவ்வளவு பங்கு இருந்து வருகிறது. இந்தச் சாஸ்திரத்தைப் பற்றி நாம் இன்று எழுதப் புகுந்ததற்குக் காரணம் பந்தய மோகமன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் மோட்டார்த் தொழிலை நம்பிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, தேசத்திற்கும் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டுவதே நமது நோக்கம்.

காற்றின் பாரம்

காற்றுக்கு எடை இல்லை என்று எண்ணுவது நம்மவரின் இயல்பு. உண்மையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை உடையது. மூன்று மீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் உயரமும் உள்ள ஓர் அறையில் சுமார் 32 கிலோ காற்று அடங்கியிருக்கிறது. வண்டி நிற்கும்போது இந்தப் பாரம் நமக்குத் தெரிவதில்லை. அது ஓடத் தொடங்கியதும், எதிரே நிற்கும் காற்றையெல்லாம் தள்ளி விலக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 47 கிலோ எடைக்குச் சமம். 200 கிலோமீட்டர் வேகத்தில் அது இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 189 கிலோவை எட்டுகிறது. 300 கிலோமீட்டர் வேகத்தில் 425 கிலோ. வேகத்தின் வர்க்கத்தை அனுசரித்து விசை ஏறுகிறது என்பது இதன் விதி.

விசையாவது வர்க்கத்தோடு நிற்கிறது. அதை எதிர்த்து ஓடுவதற்கு வேண்டிய யந்திரத் திறனோ வேகத்தின் கனத்தை அனுசரித்து ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். இந்த ஒரு கணக்கை மனத்திற் கொண்டால், பெரிய யந்திரம் வாங்குவதால் மட்டும் வேகத்தைப் பெற்றுவிட முடியாது என்பது விளங்கிவிடும்.

வழவழப்பான உடல் போதுமா?

அப்படியானால் காற்றைக் கிழித்துச் செல்லும்படி வண்டியை மீன் போல வழவழப்பாகச் செய்துவிட்டால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். மேனாட்டார் முதலில் அவ்வாறுதான் எண்ணினார்கள். 1930-க்குப் பிந்திய வருஷங்களில் ஜெர்மனியின் மெர்ஸிடீஸும் ஆட்டோ யூனியனும், சக்கரங்களையும் மூடிய நீண்ட உடல்களைக் கட்டி நெடுஞ்சாலையில் வேகப் பரீட்சை நடத்தின. 1938 ஜனவரி 28-ந் தேதி காரச்சியோலா என்ற ஓட்டுநர் பிராங்க்பர்ட் நகருக்கருகில் மணிக்கு 432 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டினார். அன்றே, அதே சாலையில், அதை மிஞ்ச முயன்ற ரோஸ்மேயரின் வண்டி சாலையை விட்டு எறியப்பட்டு அவர் மாண்டார். பக்கவாட்டில் அடித்த காற்றே அதற்குக் காரணம் என்று பலரும் கருதினர். நேர் எதிர்க் காற்றை வென்ற உடல், பக்கக் காற்றுக்கு இரையாயிற்று.

1954-ம் வருஷத்திலும் இதே பாடம், உயிர்ச் சேதமின்றி, மறுபடி கற்பிக்கப்பட்டது. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் பிரான்ஸ் தேசத்து ரேம்ஸ் களத்தில் சக்கரம் மூடிய உடலுடன் வந்த மெர்ஸிடீஸ் வண்டிகள் முதலிரண்டு ஸ்தானங்களையும் பிடித்தன. அங்கே பாதை பெரும்பாலும் நேரானது. இரண்டு வாரத்திற்குள் இங்கிலாந்தின் ஸில்வர்ஸ்டனில் அதே உடலுடன் ஓடிய பாங்கியோ என்ற மாவீரர் நான்காவதாகத்தான் வர முடிந்தது. மூடிய உடலால் முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியாமல், வளைவில் எல்லைக்கு நிறுத்தியிருந்த எண்ணெய்ப் பீப்பாய்களில் வண்டி மோதிற்று. அடுத்த ஜெர்மன் பந்தயத்திற்குச் சக்கரம் திறந்த உடல் வந்தது, பாங்கியோ வென்றார். நேர்ச் சாலைக்கு ஒரு வடிவம், வளைவுக்கு வேறு வடிவம் என்று உலகம் அப்பொழுது கண்டுகொண்டது.

வளைவே பந்தயத்தின் களம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்பவர்களுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி தெரிந்த ஊர். சேர்வராயன் மலையடிவாரத்தை அடுத்துள்ள அந்த ஊரைக் கடந்தால் மலைப்பாதை ஆரம்பமாகிவிடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அப்பாதையில் போனவர்களுக்கு, வளைவில் வண்டியை வெளிப்புறமாகத் தள்ளும் விசையைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த விசையைத் தாங்குவது டயர் தரையைப் பற்றும் பிடிப்பு ஒன்றே. டயரின் மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, அவ்வளவுக்குப் பிடிப்பு மிகும்.

அப்படியானால் வண்டியில் நான்கு நெல் மூட்டைகளை ஏற்றினால் பிடிப்பு அதிகமாகாதா? ஆகும். ஆனால் அந்த மூட்டைகளையும் சேர்த்தல்லவா வளைவில் திருப்ப வேண்டும்? பிடிப்பு ஏறிய அளவே வெளியே தள்ளும் விசையும் ஏறிவிடுவதால் லாபம் பூஜ்யம். டயரை அழுத்தவும் வேண்டும். ஆனால் வண்டியின் எடை கூடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யக்கூடிய பொருள் காற்று ஒன்றுதான்.

விமானத்தின் இறக்கையைக் காற்று மேலே தூக்குகிறது. அதே இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மோட்டாரில் பொருத்தினால் காற்று அதைக் கீழே அமுக்கும். பந்தய வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும் தகடுகளின் ரகசியம் இவ்வளவே. ஓர் உதாரணம் பார்ப்போம். நூறு மீட்டர் ஆரமுள்ள வளைவில், டயரின் பிடிப்பு வண்டியின் எடைக்குச் சமம் என்று கொண்டால், மணிக்கு 113 கிலோமீட்டருக்கு மேல் திரும்ப முடியாது. காற்றின் அமுக்கு விசையும் வண்டியின் எடை அளவுக்குச் சேருமானால் அதே வளைவை 159 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். யந்திரத்தில் ஒரு திருகாணியையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் இந்த இறக்கை என்ன செய்யும்? ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 35 கிலோமீட்டர் வேகமே எல்லை. அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஆறு கிலோகூட இல்லை. அங்கே டயரும் ஸ்பிரிங்கும் ஓட்டுநரின் நிதானமுமே துணை. நகரத் தெருக்களில் ஓடும் கார்களின் பின்புறத்தில் இறக்கை பொருத்திக்கொள்ளும் வாலிபர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கறியாமல் பொருத்திய தகடு வெறும் ஆபரணம். பொதுச் சாலையும் மலைப்பாதையும் பந்தயக் களமல்ல என்பதையும் இங்கேயே கூறி வைக்கிறோம். அங்கே வேகப் பரீட்சை செய்பவன் வீரனாகான். பிறர் உயிரோடு விளையாடும் குற்றவாளியே ஆவான்.

வண்டியின் அடிவயிறு

இறக்கையை மோட்டாரில் பொருத்திப் பெரும் பந்தயங்களில் உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தவர் அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஜிம் ஹால். 1966-ல் அவருடைய சாபரல் வண்டியில் உயரமான தண்டுகளின்மீது ஓர் இறக்கை நின்றது. நேர்ப்பாதையில் காற்றுத் தடை குறைய அதைக் கிடையாக்குவதற்கு ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதியும் இருந்தது. 1968-ல் பார்முலா ஒன் பந்தயத்திலும் இறக்கைகள் தோன்றின. 1969-ல் ஸ்பெயின் தேசத்துப் பந்தயத்தில் லோட்டஸ் வண்டிகள் இரண்டின் உயர்ந்த இறக்கைகள் முறிந்து கோர விபத்துக்கள் நேர்ந்தன. உடனே அவை தடை செய்யப்பட்டன. தண்டின் பலத்தைக் கணக்கிடாமல் விசையை மட்டும் விரும்பியதன் பலன் அது.

அடுத்த முன்னேற்றம் வந்த விதம் நமது கல்லூரி வாலிபர்கள் கவனிக்கத் தக்கது. 1970-க்குப் பிந்திய வருஷங்களின் நடுவில், லோட்டஸ் ஸ்தாபனத்தின் பீட்டர் ரைட் என்பவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரி ஒன்றைச் சோதித்து வந்தார். காற்றுச் சுரங்கம் என்பது, வண்டியை நிறுத்தி வைத்துக் காற்றை அதன்மேல் ஓடவிட்டு விசைகளை அளக்கும் கூடம். ஓடும் வண்டிக்குக் கீழே தரையும் பின்னோக்கி ஓடுவதுபோல் இருப்பதால், அங்கே தரைக்குப் பதில் ஒரு வார் சுழன்று கொண்டிருக்கும். மாதிரியின் பக்கப் பலகைகள் வலுவின்றித் தொய்ந்து தரையை நெருங்கின. அளவுகோல்கள் எதிர்பாராத அமுக்கு விசையைக் காட்டின. பழுதென்று ஒதுக்காமல் அவர் அதை ஆராய்ந்தார். பலகையின் விளிம்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தை அட்டைத் துண்டுகளால் அடைத்ததும் விசை இன்னும் ஓங்கிற்று.

காரணம் இதுதான். வண்டிக்கும் தரைக்கும் இடையே காற்று குறுகலான வழியிற் புகுந்தால் அதன் வேகம் மிகும். வேகம் மிக்க இடத்தில் அழுத்தம் குறையும். மேலே சாதாரண அழுத்தம், கீழே குறைந்த அழுத்தம். ஆகவே முழு உடலும் தரையோடு உறிஞ்சப்படுகிறது. வண்டியின் அடிவயிறே பெரிய இறக்கையாகிவிடுகிறது. இறக்கையைப் போல் அதிகத் தடையையும் உண்டாக்குவதில்லை. இந்தத் தத்துவத்தைக் கொண்டு கட்டிய லோட்டஸ் 79 வண்டியில் ஓடி, 1978-ல் மாரியோ ஆண்ட்ரெட்டி உலக வெற்றியாளரானார். 1983 முதல் தட்டையான அடிப்பாகம் வேண்டுமென்ற சட்டத்தால் இம்முறை ஒடுக்கப்பட்டு, 2022-ல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வருஷம் பெரிய பெரிய ஸ்தாபனங்களின் வண்டிகளும் நேர்ப்பாதையில் தவளையைப் போல் தத்தி ஓடியதை உலகம் பார்த்தது. உடல் தரையை நெருங்க நெருங்க உறிஞ்சும் விசை ஏறும், அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் காற்றோட்டம் அறுபட்டு விசை விழும், உடல் மேலே எழும்பும், மீண்டும் உறிஞ்சப்படும். பணமும் கணித யந்திரங்களும் நிரம்பியவர்களையும் காற்று ஏமாற்றக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

விசை எவ்வளவு என்பதோடு, அது எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். கட்டை வண்டி ஓட்டும் நமது விவசாயிக்கு இது தெரியும். பாரம் முன்னே சாய்ந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்னே சாய்ந்தால் நுகத்தடி மேலே கிளம்பும். பந்தய வண்டியிலும் முன் இறக்கை அதிகம் அமுக்கினால் பின்சக்கரம் வழுக்கும். பின் இறக்கை மிஞ்சினால் முன்சக்கரம் திரும்ப மறுக்கும். நமது வண்டிக்காரன் பாரம் வைப்பதில் காட்டும் சாமர்த்தியத்தை, கண்ணுக்குத் தெரியாத பாரத்தை வைத்துக் காட்டுவதே காற்றியல் நிபுணனின் வேலை. இவ்வளவு அமுக்கு விசைக்கும் கூலி உண்டு. சாதாரணக் குடும்பக் காரைவிட, சக்கரம் திறந்த பந்தய வண்டியின் காற்றுத் தடைக் கெழு இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது என்று கேட்டால் பலர் வியப்பார்கள். வளைவில் பெறும் லாபத்தை நேர்ப்பாதையில் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம்மவர் செய்தது

இவையெல்லாம் மேனாட்டார் காரியம், நமக்கு எட்டாதது என்று சிலர் சொல்லக் கூடும். அவர்கள் கோயம்புத்தூரை நினைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயம் விமானத் தளத்திலேயே பிறந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமைத்த சோழவரம் ஓடுபாதையில்தான் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு பந்தயங்களை நடத்தி வந்தது. 1990-ல் அந்தக் கிளப்பே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதையை அமைத்தது. சோழவரத்து நாட்களில் தோன்றியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். அவர் தொழிலதிபர், பந்தய ஓட்டுநர், விமானம் ஓட்டுவதிலும் பற்றுடையவர். வெளி தேசத்துப் பந்தய வண்டிகளை இறக்குமதி செய்ய வழியும் பொருளும் இல்லாதிருந்த அந்தக் காலத்தில், அவர் கைகட்டி நிற்கவில்லை. சாதாரணக் குடும்பங்கள் வாங்கி ஓட்டிய மாருதி 800 காரின் 796 ஸி.ஸி. யந்திரத்தை எடுத்து, ஒற்றை ஆசனமும் திறந்த சக்கரமும் கொண்ட பந்தய வண்டியை வகுத்தார். பார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வண்டி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநராகப் புறப்பட்ட நாராயண் கார்த்திகேயன் தமது ஆரம்பப் பந்தயங்களை ஓட்டியது அந்த வண்டியிலேதான்.

அத்தகைய சிறு யந்திரத்தைக் கொண்டு வண்டி வகுப்பவனுக்குக் காற்றைப் பற்றிய அறிவு எவ்வளவு அவசியம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அந்த யந்திரம் சாலைக் காரில் தந்த திறன் நாற்பது குதிரைகளுக்குள். வண்டியின் முன்பரப்பையும் தடைக் கெழுவையும் பெருக்கிய தொகை 0.6 சதுர மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ள நாலரைக் குதிரைத் திறன் போதும். 150 கிலோமீட்டரில் 35 குதிரைத் திறன் காற்றுக்கே போய்விடும். ஐந்நூறு குதிரைத் திறன் உள்ளவன் காற்றில் பத்தைச் சிந்தினாலும் பணக்காரனாகவே இருப்பான். நாற்பது உள்ளவன் பத்தைச் சிந்தினால் பந்தயத்தை இழந்தான். ஏழைக்குத்தான் சிக்கனத்தின் அருமை தெரியும். சிறு யந்திரம் உள்ளவனுக்குத்தான் காற்றியலின் அருமை தெரியும்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தொன்றில் இளமையிலேயே காலஞ்சென்றார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், சிறு விமானங்கள் இறங்கிய ஓடுபாதையில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே இட்டனர். அவருக்குப் பின் கோயம்புத்தூரில் எல்.ஜி.பி. பார்முலா வண்டிகள் கட்டப்பட்டன. தாமே வகுத்துக் கட்டிய வண்டிகளுடன் பல மாகாணக் கல்லூரி மாணவர்கள் போட்டியிடும் பார்முலா பாரத் என்ற பரீட்சையும் அந்தப் பாதையில் நடந்திருக்கிறது. இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள மாணவர் வண்டிகளுக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்திலும் நல்ல இறக்கை பயன் தருகிறது. வண்டி இலேசானதால் சிறு அமுக்கமும் பெரிய பங்காகிறது.

பெயர் வாங்குவதும் தொழில் வளர்ப்பதும்

இதற்கு மாறாக மற்றொரு வழியையும் நாம் முயன்று பார்த்தோம். 2008 முதல் 2018 வரை பார்முலா ஒன் பந்தயத்தில் நமது தேசத்தின் பெயரைத் தாங்கிய போர்ஸ் இந்தியா என்ற ஸ்தாபனம் ஓடிற்று. 2009-ல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் அதன் வண்டி முதல் வரிசையில் முதலிடம் பெற்றுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. காற்றுத் தடை குறைந்த உடலமைப்பே அந்த நீண்ட நேர்ப்பாதைகளில் அதற்குக் கைகொடுத்தது. நமக்கும் அன்று மகிழ்ச்சியே. ஆனால் அந்த உடலை வகுத்தது எங்கே? இங்கிலாந்தின் ஸில்வர்ஸ்டனில். ஓட்டியவர் இத்தாலியர். பெயர் ஒன்றே நம்முடையது. ஸ்தாபனம் கைமாறியதும் பெயரும் போயிற்று. நமது பட்டறைகளில் அந்த ஞானத்தின் துளியும் தங்கவில்லை.

டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் கட்டிய புத்தா பந்தயப் பாதையில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று வருஷங்களில் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெர்மானியரான வெட்டல் வென்றார். வரித் தகராறு மூண்டது, பந்தயம் நின்றது. இந்த முயற்சிகளை நாம் இகழவில்லை. ஆனால் களத்தையும் பெயரையும் விலைக்கு வாங்கலாம். கைத்திறமையை வாங்க முடியாது. அதைப் பழகித்தான் பெற வேண்டும். கோயம்புத்தூரில் எளிய யந்திரத்தை வைத்துத் தொடங்கிய முயற்சி ஒரு தொழிலையும், ஓட்டுநர் பரம்பரையையும், மாணவர் பரம்பரையையும் விட்டுச் சென்றது. கோடிக்கணக்கில் செலவான முயற்சிகள் ஞாபகத்தை மட்டுமே விட்டுச் சென்றன.

நாமக்கல் லாரியும் பந்தய வண்டியும்

பந்தயம் பணக்காரரின் பொழுதுபோக்கு. ஏழை தேசத்திற்கு அது எதற்கு என்ற ஆட்சேபம் வலுவுள்ளது. அதைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை. அதற்கு விடை நாமக்கல்லில் இருக்கிறது.

லாரிக்குப் பாடி கட்டும் தொழிலில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடைந்துள்ள கீர்த்தி தேசம் அறிந்தது. சேஸிஸாக வரும் வண்டிக்கு அங்கே மரத்தாலும் இரும்பாலும் உடல் கட்டி அனுப்புகிறார்கள். அந்தத் தச்சரும் கொல்லரும் வெல்டரும் வர்ணம் தீட்டுபவரும் பாரத்தைத் தாங்கும் உடலைக் கட்டுவதில் வல்லவர்கள். ஆனால் அந்த உடல் காற்றை எப்படிச் சந்திக்கிறது என்று அளந்து சொல்ல அவர்களுக்கு யாரும் உதவியதில்லை. எட்டுச் சதுர மீட்டர் முன்பரப்பும் 0.8 தடைக் கெழுவும் உள்ள லாரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 55 குதிரைத் திறன் செலவாகிறது. பகலும் இரவும், சேலத்திலிருந்து வட இந்தியா வரையிலும், அந்தச் செலவு டீஸலாக எரிந்து கொண்டே இருக்கிறது. கூரையின் முன்விளிம்பை வளைத்து, கேபினுக்கும் சரக்குக் கூண்டுக்கும் இடையிலுள்ள மேடு பள்ளத்தைச் சாய்வுத் தகட்டால் மூடி, படபடக்கும் தார்ப்பாயை இறுக்கிக் கட்டித் தடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால்கூட, ஒவ்வொரு லாரியும் நெடுஞ்சாலையில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து குதிரைத் திறன் மிச்சம். ஒரு லாரியை வைத்துக் கடன் கட்டும் சொந்தக்காரருக்கு இது பொழுதுபோக்கு விஷயமா?

பந்தய வண்டியில் கண்டதை லாரியில் அப்படியே ஒட்டிவிட முடியாது. லாரிக்கு அமுக்கு விசை வேண்டாம். தடை குறைவதே வேண்டும். ஆயினும் அளக்கும் முறை ஒன்று. காற்றோட்டத்தைப் படிக்கும் கண் ஒன்று. பந்தயக் களத்தில் ஒரு பிழையின் விலை அந்த நிமிஷமே தெரிந்துவிடுவதால், வாலிபர் விரைவில் கற்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

நமது காற்று வேறு

இந்த ஞானத்தை அயல் நாட்டுப் புத்தகத்திலிருந்து பெயர்த்துக்கொண்டால் போதாதா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். தத்துவம் எங்கும் ஒன்றுதான்; காற்று ஒன்றல்ல. கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று மேனாட்டுக் கணக்கு தொடங்குகிறது. கடல் மட்டத்திற்குச் சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில், சித்திரை மாதத்து 40 பாகை வெயிலில், காற்றின் அடர்த்தி அதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குறைந்திருக்கும். அமுக்கு விசை அவ்வளவும் குறையும். யந்திரம் உறிஞ்சும் பிராண வாயு குறையும். ரேடியேட்டரைக் குளிர்விக்கும் காற்றே கொதிக்கும். குளிர் தேசத்தில் போதுமாயிருந்த காற்றுத் துவாரம் இங்கே போதாது; துவாரத்தைப் பெரிதாக்கினால் தடை ஏறும். கொண்டப்பநாயக்கன்பட்டியில் அடிவாரத்தை விட்டு 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டை அடைவதற்குள் காற்று மேலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இலேசாகிவிடுகிறது. மெக்ஸிகோ நகரம் 2200 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால், பார்முலா ஒன் வண்டிகள் அங்கே மிகப் பெரிய இறக்கைகளைப் பொருத்தியும் சொற்ப அமுக்கு விசையே பெறுகின்றன. ஆகவே நமது வெப்பத்தையும் தூசியையும் உயரத்தையும் நாமே அளந்து நமது வண்டிகளை வகுக்க வேண்டும்.

செய்ய வேண்டுவது என்ன?

விமான சாஸ்திரத்தில் நாம் புதியவர்கள் அல்ல. 1949-ல் ஸி. ராஜம் நிறுவிய குரோம்பேட்டை தொழில்நுட்பக் கல்லூரி விமானப் பொறியியலைக் கற்பித்து, அப்துல் கலாம் போன்றவர்களைத் தேசத்திற்குத் தந்தது. பெங்களூரிலும் கான்பூரிலும் சிறந்த காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யிலுள்ள சுரங்கத்தின் சோதனை அறை மூன்று மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டர் உயரமும் உடையது. ஆனால் நாமக்கல் பட்டறைக்காரர் ஒரு தகட்டின் சாய்வைச் சோதிக்கக் கான்பூருக்குப் போக முடியுமா?

சேலம் சமவெளியில் பொருளுக்குப் பஞ்சமில்லை. சேலத்தில் எஃகாலை இருக்கிறது. சேர்வராயன் மலையின் பாக்ஸைட் மண் நெடுங்காலம் மேட்டூருக்குச் சென்று அலுமினியமாயிற்று. கருப்பூரில் அரசினர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் எத்தனையோ தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. தேர்ந்த கைகள் நாமக்கல்லில் இருக்கின்றன. இவற்றை ஒன்று சேர்க்கும் அளவுக் கூடம்தான் வேண்டும். சுழலும் வாரும், நுட்பமான தராசும், புகையை ஓடவிட்டுக் காற்றின் பாதையைக் காட்டும் கருவியும் கொண்ட குறைந்த வேகக் காற்றுச் சுரங்கம் ஒன்று இப்பகுதியில் அமைய வேண்டும். அதை அமைக்கும் பொறுப்பு சர்க்காரும், லாரி உரிமையாளர் சங்கங்களும், கல்லூரிகளும் சேர்ந்து ஏற்கத் தக்கது. அதன் கதவு பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமின்றிப் பட்டறைக்காரருக்கும் திறந்திருக்க வேண்டும். மாணவர் பந்தய வண்டி காலையில் சோதிக்கப்பட்டால், மாலையில் லாரிப் பாடியின் மாதிரி சோதிக்கப்பட வேண்டும். கண்ட அளவுகளைத் தமிழில் அச்சிட்டுத் தொழிலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

இது பெரிய கனவன்று. லண்டன் கல்லூரிச் சுரங்கத்தில் அட்டைத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தவரின் சோதனை உலகப் பந்தயத்தின் போக்கையே மாற்றியது. கோயம்புத்தூரில் குடும்பக் காரின் யந்திரத்தை எடுத்து ஒருவர் தொடங்கிய முயற்சி உலகக் களத்திற்கு ஓர் ஓட்டுநரை அனுப்பியது. காற்று யாருடைய ஏகபோகச் சொத்தும் அல்ல. அதற்கு லைசென்ஸ் இல்லை, சுங்க வரி இல்லை. அதை ஆளும் அறிவுதான் நம்மிடம் குறைவு. அந்த அறிவை நமது பட்டறைகளுக்குக் கொண்டுவர வேண்டுமென்று சட்டசபையில் பேசுவோரும், சங்கங்களை நடத்துவோரும், கல்லூரிகளை ஆள்வோரும் இப்பொழுதே முனைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.